ஒரு ரூபாய் மொய்

எங்கள் மகளுக்கு இரண்டு முறை காது குத்தினோம். முதல் முறை அவளுக்கு ஒரு வயதானபோது, திருமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் குலசாமி கோயிலில், முறைப்படி என் அண்ணன் மடியில் உட்காரவைத்து. இரண்டாவது முறை அவளுக்கு ஏழு வயதில், மதுரை டவுனில் ஒரு சத்திரத்தைப் பிடித்து, ஊரைக் கூட்டி. இரண்டாவது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதுவரை ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தார் என்று மட்டும் சொல்வேன். அந்தக் காலத்து மதுரைக்காரர்களுக்கு அது போதும். மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

வீட்டுக்குள் அவர் நல்ல மனிதர். என்மீது ஒரு நாள் கை நீட்டியது கிடையாது. மகளுக்குத் தலை பின்னிவிடக்கூட அவருக்குத் தெரியும். என்னைவிட மெதுவாக, வலிக்காமல் பின்னுவார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்படி இறங்கிவிட்டால் அந்தக் கை என்ன செய்யும் என்று நான் கேட்டதில்லை. கேட்காமல் இருந்துவிட்டால் தெரியாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். போலீஸ்காரன் பெண்டாட்டிகள் எல்லோரும் அப்படித்தான் காலம் தள்ளினோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜவுளி வியாபாரி வீட்டில் ஒரு ஜோடித் தங்கக் காப்பு காணாமல் போயிற்று. அன்று அந்த வீட்டுக்குள் வந்துபோன வெளியாள் ஒருவர்தான். சாயம் போட்ட சேலைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன சாயப்பட்டறைக்காரர். அவர் சௌராஷ்டிரர். வீட்டில் அவர்கள் பாஷை, வெளியில் நம்மைப் போலவே மதுரைத் தமிழ். அவருடைய தெருவில் பாதிப் பேர் சாயத்தொழில்தான் செய்தார்கள். வியாபாரி பெரிய மனிதர். சீக்கிரம் காப்பு கிடைக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல் வந்தது. என் வீட்டுக்காரர் கிளம்பிப் போய்ச் சாயக்காரரை அவருடைய தொட்டியடியிலேயே பிடித்தார்.

பிடித்தவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். தெருமுனையில் ஜட்கா நின்றதாம். ஆனால் இவர் சாயக்காரரின் துண்டையே உருவி, கையைப் பின்னால் கட்டி, அந்தத் தெரு முழுக்க நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம். எல்லா வாசலிலும் ஆட்கள். சாயக்காரரின் பெண்டாட்டி பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது.

ஸ்டேஷனில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வலது மணிக்கட்டு போயிற்று. மூன்றாம் நாள் அந்த ஜவுளிக்காரர் வீட்டு அரிசிப் பானைக்குள்ளேயே காப்பு கிடைத்தது. மருமகளை நம்பாத மாமியார் தானே எடுத்து உள்ளே புதைத்து வைத்துவிட்டு மறந்திருக்கிறாள். சாயக்காரரை வெளியே விட்டபோது என் வீட்டுக்காரர், "சரி, போயி வேலையப் பாருய்யா" என்றாராம். சாயத்தொட்டியிலிருந்து நூலை எடுத்து முறுக்கிப் பிழிய மணிக்கட்டு வேண்டும். அவர் எந்த வேலையைப் போய்ப் பார்ப்பார்?

அவர் போய் ஒரு வக்கீலைப் பார்த்தார். அடித்ததற்கும் அடைத்து வைத்ததற்கும் நஷ்டஈடு கேட்டு, போலீஸ் இலாகாவின் மேல் இல்லை, என் வீட்டுக்காரர் மேல், அவருடைய சொந்தப் பேரில் வழக்குப் போட்டார். அப்படி ஒரு வழக்கு போட முடியும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். சர்க்கார் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றார். ஆனால் மேலதிகாரிகள் கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆள் மேல் ஒரு சாட்சியம் கிடையாது, கையைக் கட்டித் தெருவில் நடத்தவேண்டிய அவசியமும் கிடையாது, இதைச் சர்க்கார் வேலையாக எடுத்துக்கொள்ள முடியாது, நீரே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "இம்புட்டு வருசம் வெயில்ல காஞ்சதெல்லாம் சர்க்காருக்காம். இது மட்டும் எனக்காம்" என்றார். காப்பு சீக்கிரம் வேண்டும் என்று சொல்லியனுப்பியவர்களே இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டதில் எனக்கும் கோபந்தான். அவர் பேரில் இரக்கங்கூட வந்தது. ஆனால் துண்டை உருவிக் கையைக் கட்டச் சொல்லி எந்த மேலதிகாரியும் சொல்லவில்லையே என்றும் நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் இருந்தார். காரியக்காரர். எதையும் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடுவார். அவர் சாயக்காரரிடம் சமாதானம் பேசப் போய்வந்து, எங்கள் கூடத்தில் தூணைப் பிடித்தபடி நின்றார்.

"என்னய்யா சொல்றான்? எம்புட்டு வேணுமாம்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"பணம் வேணாங்குறான் எசமான்." ஏட்டு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "எந்தத் தெருவழியா இழுத்துட்டுப் போனாரோ, அந்தத் தெருவழியா அவரே நடந்து என் வீட்டுக்கு வரட்டும். வந்து, தெரியாமச் செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கேசை வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்றான்."

"கனாக் காணச் சொல்லு" என்றார் இவர்.

"போயிட்டு வந்துருங்களேன். ஒரு வார்த்தைதானே" என்றேன். நான் அவருடைய வேலை விஷயத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. அவர் என் பக்கம் திரும்பாமல், ஏட்டைப் பார்த்து, "நாளைக்கு அந்தத் தெருவுல எவன் என்னை மதிப்பான்?" என்றார்.

தீர்ப்பன்று என் அண்ணன் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவர் திருமங்கலம் பக்கத்துக் கரிசல்காட்டில் பருத்தி போடுகிற சம்சாரி. கோர்ட்டுப் படி ஏறியதே அன்றைக்குத்தான். திரும்பி வந்து செம்புத் தண்ணீரை அப்படியே குடித்துவிட்டு, "கேசு போச்சு தங்கச்சி. நஷ்டமும் கோர்ட்டுச் செலவும் சர்க்கார் தராதாம். மாப்ள கைக்காசுலருந்தே கட்டணுமாம். கட்டலைன்னா அமீனா வந்து வீட்டுச் சாமானைத் தூக்கிருவானாம்" என்றார். தொகை என் வீட்டுக்காரருடைய பல மாதச் சம்பளம். கட்ட முடியாத தொகை என்று சொல்லமாட்டேன். ஊரில் நிலம் இருந்தது. என் கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி இருந்தது.

நான் சங்கிலியைக் கழற்றி அவர்முன் வைத்தேன். "இதை வித்துக் கட்டிருங்க. மானமாப் போகும்."

"அவனுக்குப் போயி நம்ம வீட்டு நகையா? எடுத்து உள்ள வை" என்றார். பிறகு என் அண்ணனையும் ஏட்டையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "என் கைக்காசு ஒரு தம்பிடி அவன் கைக்குப் போகாது. போனா நான் மீசை வெச்சிருக்கிறதுல அர்த்தமில்லை" என்றார்.

வழியை ஏட்டுதான் கண்டுபிடித்தார். "பாப்பாவுக்கு ஒரு விசேசத்தை வெச்சிருவோம் எசமான்" என்றார்.

எங்கள் பக்கத்து விசேஷங்களை அறியாதவர்களுக்காக மொய்யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். காதுகுத்து, கல்யாணம் என்றால் வந்தவர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் வைப்பார்கள். ஒருவர் எழுதுவார், ஒருவர் ஊரையும் ஆளையும் தொகையையும் சபை கேட்க உரக்கச் சொல்வார். அது அன்பளிப்பு இல்லை. கைமாற்று. வைத்தவர் வீட்டில் நாளைக்கு ஒரு விசேஷம் வந்தால், வாங்கியவர் நேரில் போய், மேலே கொஞ்சம் சேர்த்து வைத்துத் திருப்பவேண்டும். ஆள்மூலம் அனுப்பினால் வைத்தவரை அவமதித்ததாகும். எங்கள் ஊரில் மொய்யைத் திருப்பாதவன் வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள்.

ஆனால் போலீஸ்காரன் வீட்டு விசேஷத்தில் கடைக்காரர்கள் வைக்கிற மொய் வேறு ஜாதி. அது திரும்பாது என்று வைக்கிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவனுக்கும் தெரியும். பேர் மட்டும் மொய்.

"ஏற்கெனவே குத்தியாச்சேங்க" என்றேன்.

"ஓட்டை தூந்துபோச்சுன்னு சொல்லிக்குவோம். தோட்டைக் கழட்டி வை" என்றார் என் வீட்டுக்காரர்.

மகள் கழற்றவிடாமல் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். புதுசு போடப் போகிறோம் என்று சொல்லித்தான் கழற்றினேன். ஏட்டு வெற்றிலை பாக்குத் தட்டோடு கடைத்தெரு முழுக்கப் போனார். சாயக்காரர்கள் தெருவிலும் வீடு விடாமல் பாக்கு வைத்தார். ஒரு வீட்டை மட்டும் தாண்டிப் போனார் என்று நினைக்கிறேன். எதற்காக இந்தக் காதுகுத்து என்று அந்தத் தெருவில் தெரியாதவர்கள் கிடையாது. தங்களில் ஒருவருக்குக் கோர்ட்டு கொடுத்த நஷ்டஈட்டைத் தாங்களே சேர்த்துத் தரவேண்டும்; மாட்டேன் என்றால் நாளைக்குத் தங்கள் வாசலுக்கும் போலீஸ்காரனின் சிவப்புத் தலைப்பாகை வரும். அதற்குப் பயந்து எல்லோரும் வந்தார்கள்.

சத்திரத்தில் மேளமெல்லாம் பிரமாதம். என் அண்ணன் மட்டும் சீர்த்தட்டோடு வந்தவர் வாசலிலேயே நின்று, "இது காதுகுத்தா தங்கச்சி, வசூலா?" என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்தமுடியாது. அவரும் எனக்காக உட்கார்ந்தார், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார், தலையைத் தூக்கவில்லை.

ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு காதைப் பிடித்துப் பார்த்தார். துவாரம் தூர்ந்திருக்கவில்லை. அவர் தயங்கியதும், மேளம் நின்ற நேரம், மகள் கணீரென்று, "ஏற்கெனவே ஓட்டை இருக்கே! அம்மாதான் தோட்டை அவுத்தாங்க" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அத்தனை பேரும் இலையையும் தரையையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசாரி பழைய துவாரத்திலேயே கம்பியைக் கோத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். என் வீட்டுக்காரர் குனிந்து, "மேல புதுசா ஒண்ணு போடுய்யா" என்றார். ஆசாரி போட்டார். இரண்டு காதிலும். ரத்தம் என் அண்ணன் வேட்டியில் சொட்டியது. குழந்தை அலறியது. மேளக்காரர்கள் அவசரமாக வாசித்தார்கள். அந்தக் கேசில் எங்கள் குடும்பத்திலிருந்து தன் சொந்த உடம்பால் கொடுத்தது அவள் ஒருத்திதான். நான் மடியில் வாங்கித் தேங்காயெண்ணெய் தடவினேன்; வேறென்ன செய்யத் தெரிந்தது எனக்கு?

மொய் எழுத ஆரம்பித்தார்கள். சபைக்குக் கௌரவமாக இருக்கட்டும் என்று என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் முறைப்படி செய்யச் சொல்லியிருந்தார். ஊரும் ஆளும் தொகையும் உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அப்போதுதான் சாயக்காரர் வந்தார். அழைப்பில்லாமல். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. வலது கையை மார்போடு சேர்த்து வைத்திருந்தார். இடது கையால் மடியிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துத் தட்டில் வைத்தார். சொல்கிறவன் வேகத்தில் நிமிர்ந்து பார்க்காமலே அவர் தெருவையும் பேரையும் கேட்டு, "ஒரு ரூபா!" என்று கூவிவிட்டான். கூவியபிறகுதான் ஆளைப் பார்த்தான்.

சாயக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "குழந்தை நல்லாயிருக்கட்டுங்கய்யா" என்றார். பந்தியில் உட்காரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

"பாத்தீங்களா மச்சான், வழிக்கு வந்துட்டான்" என்றார் இவர் என் அண்ணனிடம், பல் தெரிய.

அண்ணன் வேட்டியிலிருந்த ரத்தக்கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, அவரு மொய் வெச்சுட்டுப் போறாரு. உங்களுக்குப் புரியலை" என்றார்.

நிஜமாகவே இவருக்குப் புரியவில்லை. டவுன் உத்தியோகத்தில் இருந்து இருந்து, திரும்பக் கொடுக்காத மொய்யையே வாங்கிப் பழகி, மொய் என்றால் என்ன என்பதே மறந்துபோயிருந்தது. கோர்ட்டில் பணத்தைக் கட்டிவிட்டு வந்த அன்று ஏதோ கேசில் ஜெயித்தவர் போல அல்வாப் பொட்டலம் வாங்கிவந்தார். "கட்டியாச்சு. என் காசு ஒரு தம்பிடி இல்லை" என்றார். நான் அந்த அல்வாவைத் தொடவில்லை. மகளுக்குக் காது பழுத்துக் காய்ச்சல்.

அந்த வருஷம் தை மாதத்தில் ஒரு காலை நேரம் சாயக்காரரும் அவர் பெண்டாட்டியும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய் வைத்த தட்டு. பெண்ணுக்குக் கல்யாணம், அழைக்க வந்திருக்கிறோம் என்றார்கள்.  பாயை விரித்தேன். உட்காரவில்லை.

என் வீட்டுக்காரர் பாதிச் சவரத்தோடு வந்தார். "இன்னும் என்னய்யா? அதான் கோர்ட்டுல எம் பணத்தை வாங்கிட்டேல்ல?"

"உங்க பணம் எதுவும் எங்கிட்ட இல்லைங்கய்யா" என்றார் சாயக்காரர். குரலில் கோபமே இல்லை. வீட்டுக்கு வந்தவர் நலம் விசாரிக்கிற குரல். "எங்க தெருக்காரங்க காதுகுத்துல வெச்சதை அவங்கவங்க வீட்டுல திருப்பிக் குடுத்துட்டேன். அது அவங்க பணம்தானுங்களே. மிச்சம் இருந்தது வக்கீலுக்குச் சரியாப்போச்சு. நான் வெச்ச ஒரு ரூபா மட்டும் உங்க வீட்டுல இருக்கு. எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க வந்து வெக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பெண்டாட்டி தட்டை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். அவள் என் மகளின் காதைப் பார்த்தாள். மேல் துவாரத்தில் இன்னும் பொருக்கு இருந்தது. குங்குமத்தை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள்.

பாக்கு வைத்து அழைத்தாயிற்று. சபையில் சொல்லி வைத்த மொய் நிற்கிறது. கேசுக்கு முன்னால் அவர் கேட்டதும் இதைத்தான்: அந்தத் தெருவில் இவர் நடந்து வரவேண்டும். அன்றைக்குக் கேட்டபோது மன்னிப்பாக இருந்தது. இப்போது கல்யாணத்துக்கு வந்த விருந்தாளியாக, மரியாதையோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு வரலாம். இதைவிட ஒருவருக்கு எப்படித்தான் வழிவிடுவது? நான் அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அழுது சொன்னேன். முகூர்த்தத்தன்று காலையில் ஜரிகை வேட்டியையும் சட்டையையும் எடுத்து வைத்தேன். அண்ணனும் ஊரிலிருந்து வந்துவிட்டார். "நானும் கூட வாரேன் மாப்ள. ரெண்டு பேருமாப் போயிட்டு வந்துருவோம்" என்றார்.

இவர் காக்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ஏட்டைக் கூப்பிட்டுப் பத்து ரூபாய் கொடுத்தார். அதுவும் அன்று காலை எந்தக் கடையிலிருந்து வந்ததோ. "ஒண்ணுக்குப் பத்தாக் குடுத்துட்டு வா. அவன் வாய் அடைபடட்டும்" என்றார்.

"ஆள் விட்டுக் குடுத்தா அது மொய் இல்ல மாப்ள" என்றார் அண்ணன்.

"அப்ப நான் போறேன்" என்றேன் நான்.

"நீ போனா நான் போன மாதிரி. வீட்டுல இரு" என்றார்.

இருந்தேன். மத்தியானம் ஏட்டு திரும்பி வந்தார். பத்து ரூபாயையும் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு தேங்காய், தாம்பூலம். அவரைப் பந்தியில் உட்காரவைத்துக் கவனித்துப் பரிமாறினார்களாம். பணத்தை மட்டும் தொடவில்லையாம். "அய்யா வருவாரு, அப்ப வாங்கிக்கிறேன்னு சொல்றாரு எசமான்" என்றார் ஏட்டு. அதுவரை அவன், இவன் என்றே பேசிக்கொண்டிருந்த ஏட்டு அன்றுதான் அவரை 'அவர்' என்றார். என் வீட்டுக்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவருக்கு வராத வெட்கமெல்லாம் எனக்குத்தான் வந்தது. அந்தத் தேங்காயை உடைக்கவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. சமையலறை மூலையில் வைத்திருந்து அழுகவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் இன்ஸ்பெக்டரானார். ஊர் ஊராக மாற்றல். யாரும் அந்தக் கேசை அவரிடம் எடுத்ததில்லை. அவரே எப்போதாவது, புது ஊரில் நண்பர்கள் வந்தால், ஒரு தம்பிடி கொடுக்காமல் கோர்ட்டு டிக்ரியைத் தீர்த்த கதையைச் சொல்லிச் சிரிப்பார். நான் அப்போது காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். மகள் பெரியவளானாள். மேல் துவாரங்களில் அவள் எதையும் போட்டுக்கொள்ளமாட்டாள். கம்மல் போட்டுக்கொள்ளேன் என்று ஒரு தடவை சொன்னேன். "அது கோர்ட்டு ஓட்டைம்மா" என்றாள். யார் சொன்னார்களோ.

யுத்தம் முடிந்த சமயம் அவர் வாடிப்பட்டியில் வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். முதல் வருஷத் திவசம் கழிந்து, அவர் வாங்கிய மொய்களையெல்லாம் நானும் அண்ணனும் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு வந்தோம். ஆள் போய்விட்டால் வீட்டிலிருப்பவர்கள் திருப்புவது எங்கள் பக்கத்தில் வழக்கம்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று நின்றது.

அன்று அவர் விற்கவிடாத சங்கிலியை அவர் போனபிறகு விற்றிருந்தேன். அந்தப் பணத்திலிருந்து மொய்யை எடுத்தேன். மகளையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, ஜட்காவைத் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டு, சாயக்காரர் வீட்டுக்கு நடந்தேன். பேத்திக்குப் பேர் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். அழைப்பில்லாமல் போனேன். அவரும் ஒரு நாள் அழைப்பில்லாமல்தானே வந்தார்.

சாயக்காரருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வலது கை மார்போடேயே இருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. அய்யா போன சேதி கேள்விப்பட்டேன்" என்றார். அவர் பெண்டாட்டி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இலை போட்டாள். சாப்பிட்டோம். அதன்பிறகு முந்தானையிலிருந்து பணத்தை எடுத்துத் தட்டில் வைத்து, "அவரு வாங்கின மொய்ங்க. லேட்டாயிருச்சு. நீங்க எடுத்துக்கணும்" என்றேன்.

அவர் தட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. என் மனம் கோணக்கூடாது என்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"உங்க வீட்டுல விசேசம்னா கூப்பிடுங்கம்மா. உங்களுக்காக வாரேன், மொய் வெக்கிறேன். நீங்களும் எங்க வீட்டுக்கு வந்து வெய்ங்க. அது நமக்குள்ள. இந்த ரூபா அப்படி இல்லை. இது அவரு வரணும்னு வெச்சது. காசுக்காக வெச்சது இல்லையே. உங்ககிட்ட வாங்கிட்டா, அவரு செஞ்சதை நீங்க செஞ்சதா ஆயிருமே."

"அவருதான் போயிட்டாருங்களே" என்றேன்.

"ஆமாம்மா" என்றார் அவர். "வராமலே போயிட்டாரு."

 பணத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டேன். அத்தனை பேர் பார்க்க, போன தடவை ஏட்டு கொண்டுபோய்த் திருப்பி வாங்கிவந்த மாதிரியே நானும் வாங்கிக்கொண்டு எழுந்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

தெருவில் பாதி தூரம் வந்ததும் மகள் நின்றாள். "இந்தத் தெருவாம்மா?" என்றாள்.

"இதுதான்" என்றார் அண்ணன்.

எத்தனை வருஷம் எங்கள் வீட்டில் இந்தத் தெருவைப் பற்றிப் பேச்சு. நான் அதை மாசி வீதி நீளத்துக்கு மனசில் வைத்திருந்தேன். அது ஒரு சந்து. நின்ற இடத்திலிருந்தே தெருமுனையில் எங்கள் ஜட்கா தெரிந்தது, குதிரை வாலை ஆட்டுவதுகூடத் தெரிந்தது. பின்னால் சாயக்காரர் வீட்டு வாசலில் சிவப்பு நூல் காய்ந்துகொண்டிருந்தது. வாயில் போட்ட வெற்றிலை மெல்லுவதற்குள் நடந்துவிடலாம்.

"இத்துணூண்டு தூரம் நடக்கவாம்மா அப்பா மாட்டேன்னாரு?" என்றாள் மகள்.

இரண்டு பக்கமும் வாசல்களில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை. ஒருத்தி பார்த்துப் போங்கம்மா, ஈரமாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. வண்டியில் ஏறியபிறகு எங்கே போகவேண்டும் என்று ஜட்காக்காரன் கேட்டதற்கும் அண்ணன்தான் பதில் சொன்னார்.